தொலைவில் நிற்கும் சென்சார்கள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பரந்த நிலப்பரப்பில் வயர் இல்லாத சென்சார்களை நட்டுவிட்டு, ஓரிடத்தில் உட்கார்ந்தபடி அவற்றைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் இருப்பவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கேட்பவர் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். முதலில் அடிப்படை, போகப்போகச் சிக்கல். ஒரு முறை சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. தொலைவிலிருந்து நிர்வகிப்பது என்றால் திரையில் எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதானே?

எண்களைப் பார்ப்பது அதில் கால்வாசிதான். அளவீடு வந்து சேர்கிறதா என்று கவனிப்பது, வராவிட்டால் ஏன் என்று கண்டுபிடிப்பது, எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை அளக்க வேண்டும் என்பதை மாற்றுவது, கருவிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது, செய்தியைப் பூட்டும் சாவிகளும், சர்வர் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழ்களும் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வது, எந்தக் கருவி எங்கே நிற்கிறது என்ற பதிவேட்டைச் சரியாக வைத்திருப்பது எல்லாம் சேர்ந்ததுதான் நிர்வாகம்.

இந்த ஆசை பழையது. 2002-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கரைக்கு அப்பால் உள்ள கிரேட் டக் தீவில், கடற்பறவைகளின் வளைகளை ஒட்டி 32 சிறு கருவிகளை வைத்து, அளவீடுகளைச் செயற்கைக்கோள் வழியாக வெளியே கொண்டுவந்தார்கள் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இன்டெல் ஆய்வகத்தாரும். கூடு கட்டும் காலத்தில் மனித நடமாட்டம் பறவைகளைக் கலைத்துவிடும் என்பதால்தான் அந்த ஏற்பாடு. இன்று நாம் படும் பாடுகளில் பலவற்றை அவர்கள் அன்றே பட்டுவிட்டார்கள்.

2. வைஃபை மலிவாகக் கிடைக்கிறதே, அதையே போட்டால் என்ன?

கட்டடத்துக்குள் போடலாம். திறந்த வெளியில் சில நூறு மீட்டரைத் தாண்டினால் தடுமாறும். பேட்டரியையும் வேகமாகக் குடிக்கும். நம் சென்சார் அனுப்புவது பத்துப் பதினைந்து பைட். அதற்கு வைஃபையின் வேகம் தேவையே இல்லை.

3. லோராவானா, சிம் போட்ட கருவியா, மெஷ்ஷா? ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்.

நான் முதலில் கேட்பது இதைத்தான்: கருவிகளின் செய்தியை வாங்கிச் சர்வருக்குக் கடத்தும் பெட்டியான நம்முடைய கேட்வேயை நிறுத்த உயரமான, மின்சாரம் உள்ள இடம் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் லோராவான்; லோரா என்ற நெடுந்தூர, குறைந்த மின்செலவு ரேடியோவின் மேல் ஓடும் நெட்வொர்க் முறை அது. ஒரு கேட்வே நூற்றுக்கணக்கான கருவிகளைக் கேட்கும், உரிமக் கட்டணம் இல்லாத அலைவரிசை, கருவிக்குக் கருவி மாதக் கட்டணமும் இல்லை. அலைவரிசை மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 868-ஐ ஒட்டி, வட அமெரிக்காவில் 915-ஐ ஒட்டி. ஒரு நாட்டுக்கான கருவியை வாங்கி இன்னொரு நாட்டில் நட்டால் சட்டச் சிக்கல் ஒருபுறம், கேட்வே அதைக் கேட்கவே கேட்காது என்பது இன்னொரு புறம்.

கருவிகள் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில், ஆனால் செல்பேசிக் கோபுரங்களின் எல்லைக்குள் நிற்கின்றன என்றால் என்பி-ஐஓடி அல்லது எல்டிஇ-எம், அதாவது இத்தகைய சிறு கருவிகளுக்கென்றே அமைந்த செல்பேசி நெட்வொர்க் முறைகள். இவை இரண்டும் செல்பேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின், 2016-ல் முடிவான 13-ஆம் வெளியீட்டில் வரையறுக்கப்பட்டவை. கோபுரத்தை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார் என்பது வசதி. அவர் நினைத்தால் சேவையை நிறுத்திவிடலாம் என்பது ஆபத்து. 2ஜி சேவையை நம்பிக் கருவிகளை நட்டுவிட்டு, அது மூடப்பட்டதும் அத்தனையையும் மாற்ற வேண்டியிருந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

மெஷ் என்பது கருவிகளே ஒன்றின் செய்தியை இன்னொன்று வாங்கிக் கடத்தும் முறை. நெருக்கமாக நட்ட இடத்தில் நன்றாக ஓடும். ஆனால் கேட்வேக்கு அருகில் இருக்கும் கருவி ஊர்ச் சுமையையெல்லாம் தூக்குவதால் அதன் பேட்டரிதான் முதலில் தீரும். அது விழுந்தால் அதற்குப் பின்னால் நிற்பவை எல்லாம் ஊமையாகிவிடும். பரந்த பரப்புக்கு நான் மெஷ்ஷைப் பரிந்துரைப்பது அரிது.

4. பெட்டியில் 15 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது. எனக்கு 2 கிலோமீட்டர்கூட வரவில்லையே?

பெட்டியில் போட்டிருப்பது பொய் என்று சொல்ல மாட்டேன். நடுவில் எதுவுமே இல்லாத நிலையில் அதைவிடவும் போகும். பலூனில் ஏறிய ஒரு லோரா கருவியின் சிக்னல் 2019-ல் 766 கிலோமீட்டருக்கு அப்பால் கேட்டது. அதன் அனுப்புத் திறன் வெறும் 25 மில்லிவாட். ஆனால் உங்கள் கருவி பலூனில் இல்லை, இடுப்பளவு உயரக் கம்பத்தில் இருக்கிறது.

ரேடியோ அலைக்குக் கண் பார்வைக் கோடு மட்டும் போதாது, அதைச் சுற்றிலும் காலி இடம் வேண்டும். 868 மெகாஹெர்ட்ஸில், 5 கிலோமீட்டர் இடைவெளியின் நடுப்பகுதியில் அந்தக் காலி இடத்தின் ஆரம் சுமார் 21 மீட்டர். அதில் பாதிக்கு மேல் மரமோ மேடோ மறைத்தால் சிக்னல் சரியத் தொடங்கும். எனவே கருவியை மாற்றுவதற்கு முன் கேட்வே ஆன்டெனாவை உயர்த்துங்கள். காய்ந்த காலத்தில் நட்டுச் சோதித்துவிட்டு, இலை தழைத்து மழையில் நனைந்த பிறகு ஏன் எட்டவில்லை என்று கேட்பவர்களும் உண்டு. தண்ணீர் ரேடியோ அலையை விழுங்கும், இலை என்பது பெரும்பாலும் தண்ணீர்.

5. கட்டளை அனுப்பிவிட்டேன். கருவி ஏன் அசையவே இல்லை?

அது தூங்கிக்கொண்டிருக்கிறது. இந்தத் துறையில் மற்ற எதையும்விட முதலில் மனத்தில் பதிய வேண்டியது இதுதான். பேட்டரியில் ஓடும் கருவி விழித்திருக்கும்போது மட்டுமே அதனிடம் பேச முடியும். எப்போது விழிப்பது என்பதை அதுவே முடிவு செய்கிறது.

லோராவானில் பெரும்பாலான கருவிகள் ஏ வகுப்பைச் சேர்ந்தவை. தன் செய்தியை அனுப்பிய பிறகு, வழக்கமாக 1 வினாடி கழித்து ஒரு முறையும் அடுத்த வினாடி இன்னொரு முறையும் கொஞ்ச நேரம் காதைத் திறக்கும். அவ்வளவுதான். உங்கள் கட்டளை அதுவரை சர்வரில் வரிசையில் காத்திருக்கும். 6 மணி நேரத்துக்கு ஒரு முறை பேசும் கருவி என்றால், கட்டளை போய்ச் சேரவே 6 மணி நேரம் ஆகலாம். என்பி-ஐஓடியின் ஆழ்துயில் முறையிலும் இதே கதைதான். உடனுக்குடன் கேட்க வேண்டிய வால்வு, மோட்டார் போன்றவற்றுக்கு எப்போதும் காதைத் திறந்து வைத்திருக்கும் சி வகுப்பு இருக்கிறது, ஆனால் அதற்கு நிலையான மின்சாரம் வேண்டும்.

காத்திருக்கப் பொறுமையில்லாமல் அதே கட்டளையைப் பத்து முறை அழுத்தாதீர்கள். பத்தும் வரிசையில் நிற்கும், பத்தும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ‘மறுபடி தொடங்கு’ என்ற கட்டளை என்றால் கருவி பத்து முறை மறுபடி தொடங்கும்.

6. ஒவ்வொரு செய்திக்கும் ‘கிடைத்தது’ என்று கேட்வே பதில் சொல்லும்படி வைத்தால் எதுவும் தொலையாதல்லவா?

தொலைவது கூடும். சாதாரண கேட்வேயால் பேசிக்கொண்டே கேட்க முடியாது. ஒரு கருவிக்கு அது ‘கிடைத்தது’ என்று சொல்லும் நேரத்தில் மற்றக் கருவிகள் அனுப்புவதெல்லாம் அதன் காதில் விழாது. போதாததற்கு, ஒரு பரிமாற்றி எவ்வளவு நேரம் பேசலாம் என்பதற்கு விதி உண்டு. ஐரோப்பிய அலைவரிசைகளில் பல பகுதிகளுக்கு 1 சதவீதம், அதாவது மணிக்கு 36 வினாடி. நூறு கருவிகளுக்கு ஒவ்வொரு முறையும் பதில் சொல்லி அந்த 36 வினாடியைத் தீர்த்துவிட்டால், பிறகு உண்மையான கட்டளையை எதில் அனுப்புவீர்கள்?

மண்ணின் ஈரம் போன்ற மெதுவாக மாறும் அளவில் பத்துக்கு ஒன்று தொலைந்தால் குடிமுழுகிப் போகாது. எச்சரிக்கைச் செய்திக்கு மட்டும் பதில் கேளுங்கள். மற்றபடி, ஒவ்வொரு செய்தியிலும் முந்தைய அளவீட்டையும் சேர்த்து அனுப்புவது எளிய, மலிவான காப்பு.

7. பேட்டரி பத்து ஆண்டு வரும் என்கிறார்கள். நம்பலாமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். தூக்கத்தில் 10 மைக்ரோ ஆம்பியர் இழுக்கும் கருவி ஆண்டுக்கு 88 மில்லி ஆம்பியர் மணி செலவழிக்கும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை 10 பைட் அனுப்புகிறது, அனுப்பும்போது 40 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லோராவில் வேகமான அமைப்பான எஸ்எஃப் 7-ல் ஒரு செய்திக்கு 0.06 வினாடி, ஆண்டுக்கு 24 மில்லி ஆம்பியர் மணி. மிக மெதுவான எஸ்எஃப் 12-ல் அதே செய்திக்கு ஏறத்தாழ 1.5 வினாடி, ஆண்டுக்கு 580-க்கும் மேல்.

2400 மில்லி ஆம்பியர் மணி கொண்ட ஒரே செல்லில் முதல் கருவி தாளில் இருபது ஆண்டு ஓடும், இரண்டாவது நான்கு ஆண்டைத் தொடாது. அதே கருவி, அதே பேட்டரி. கேட்வேயிலிருந்து உள்ள தூரம்தான் வேறு; சிக்னல் மங்க மங்க மெதுவான அமைப்புக்கு இறங்க வேண்டியிருக்கும். ஆகவே பேட்டரி ஆயுளை நீட்ட நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது 4-வது கேள்வியில் சொன்ன ஆன்டெனாவை. நடைமுறையில் குளிர், வெப்பம், தானே கசியும் மின்னூட்டம் எல்லாம் சேர்ந்து தாள் கணக்கைக் குறைக்கும். நான் பாதியாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

8. நேற்று வரை 3.6 வோல்ட் காட்டியது. இன்று கருவி செத்துக் கிடக்கிறது. எப்படி?

நீங்கள் போட்டிருப்பது லித்தியம் தயோனில் குளோரைடு பேட்டரி. அதன் குணமே அதுதான். ஆயுளின் பெரும்பகுதி 3.6 வோல்ட்டிலேயே நிற்கும். தீரும் தறுவாயில் மடமடவென்று இறங்கும். அதில் வோல்ட்டைப் பார்த்து மிச்சத்தைச் சொல்ல முடியாது. எத்தனை செய்தி அனுப்பியது, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் என்று கருவியே கூட்டிக்கொண்டு வந்து, செலவான மின்னூட்டத்தைச் சொல்வதுதான் வழி.

இன்னொன்று: இந்த வகை பேட்டரி நெடுநாள் சும்மா இருந்தால் உள்ளே ஒரு மெல்லிய படலம் படியும். முதல் முறை பெரிய மின்னோட்டம் கேட்கும்போது வோல்ட் சட்டென்று சரிந்து, கருவி மறுதொடக்கம் ஆகிவிடும். கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்த கருவிகள் களத்தில் முதல் நாள் தத்தளிப்பதற்கு இது ஒரு காரணம்.

9. ஒரு கருவியிடமிருந்து சத்தமே இல்லை. எங்கிருந்து தேடுவது?

எழுந்து வண்டியில் ஏறாதீர்கள். முதலில் மௌனம் தனியா, கூட்டமா என்று பாருங்கள். ஒரு கேட்வேயின் கீழ் இருப்பவை எல்லாம் ஒரே நிமிடத்தில் அடங்கினால் கோளாறு கேட்வேயில். அதன் மின்சாரம், சிம், ஆன்டெனா கேபிள். வெவ்வேறு இடங்களில் நிற்கும், ஆனால் ஒரே ஃபர்ம்வேர் கொண்டவை அடங்கினால் கோளாறு மென்பொருளில். ஒன்று மட்டும் அடங்கினால்தான் அந்தக் கருவியின் வரலாற்றைப் புரட்ட வேண்டும்.

அந்த வரலாற்றில் கடைசி வாரங்களின் சிக்னல் வலுவைப் பாருங்கள். வாரக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கியிருந்தால் மரம் வளர்ந்திருக்கிறது அல்லது ஆன்டெனா இணைப்புக்குள் ஈரம் புகுந்திருக்கிறது. இரவில் மௌனம், காலையில் உயிர் என்ற சுழற்சி தெரிந்தால் சோலார் பலகை போதிய மின்னூட்டம் கொடுக்கவில்லை. பெரும்பாலும் தூசி அல்லது பறவை எச்சம். எந்த முன்னறிகுறியும் இல்லாமல் நல்ல வலுவோடு பேசிக்கொண்டிருந்தது சட்டென்று அறுந்தால் இடி, உடைப்பு, திருட்டு, அல்லது 8-வது கேள்வியின் பேட்டரி.

கருவி தானாகவே திரும்பிவந்தால் ‘வந்துவிட்டதே’ என்று விட்டுவிடாமல் செய்தி எண்ணைப் பாருங்கள். லோராவானில் ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் உண்டு. மௌனத்துக்கு முன் 4310, பின் 4352 என்றால் நடுவில் 41 செய்திகளை அது அனுப்பியிருக்கிறது, நமக்குத்தான் கேட்கவில்லை, கோளாறு வழியில். எண் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் கருவி மறுதொடக்கம் ஆகியிருக்கிறது, கோளாறு அதற்குள்ளே. இந்த ஒரு எண் பல பயணங்களை மிச்சப்படுத்தும்.

10. கருவி ஒழுங்காகப் பேசுகிறது, ஆனால் வெப்பநிலை திடீரென்று 85 டிகிரி என்கிறது. தீப்பிடித்துவிட்டதா?

பரவலாகப் பயன்படும் டிஎஸ்18பி20 சென்சாராக இருந்தால் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட வேண்டாம். மின்சாரம் கிடைத்ததும் அதன் நினைவகத்தில் இருக்கும் தொடக்க மதிப்பே 85 டிகிரிதான். அளந்து முடிப்பதற்குள் படித்தால் அது அப்படியே வந்து விழும். சென்சாருக்கு மின்சாரம் தடுமாறுகிறது, அல்லது நிரல் அவசரப்படுகிறது என்று பொருள். மைனஸ் 127 என்று வந்தால் பெரும்பாலும் வயர் அறுந்திருக்கிறது; சென்சார் கிடைக்காதபோது பிரபலமான ஒரு நிரல் தொகுப்பு கொடுக்கும் எண் அது.

பழைய தொழிற்சாலைக் கருவிகளின் 4–20 மில்லி ஆம்பியர் முறையில் ஒரு புத்திசாலித்தனம் உண்டு. பூஜ்ய அளவுக்கு 4 மில்லி ஆம்பியர் என்று வைத்ததால், 0 வந்தால் வயர் அறுந்தது என்று உடனே தெரிந்துவிடும். உங்கள் செய்தி வடிவத்திலும் ‘அளவு பூஜ்யம்’ வேறு, ‘அளக்க முடியவில்லை’ வேறு என்று பிரித்து வையுங்கள். பிறகு சர்வரில் இரண்டு சோதனைகள் போதும்: நடக்கவே முடியாத எண் வருகிறதா, ஒரே எண் அசையாமல் நிற்கிறதா. இரண்டாவதைத்தான் பலரும் மறக்கிறார்கள். மூன்று நாளாக 27.4 என்றே காட்டும் வெப்பமானி வேலை செய்யவில்லை.

11. அளவீட்டோடு வேறு என்னவெல்லாம் அனுப்பச் சொல்ல வேண்டும்?

பேட்டரி நிலை, கடைசி மறுதொடக்கத்தின் காரணம், ஃபர்ம்வேர் பதிப்பு, பெட்டிக்குள் இருக்கும் ஈரப்பதம். நாளுக்கு ஒரு முறை போதும். மறுதொடக்கக் காரணத்தை ஒரே பைட்டில் அடக்கிவிடலாம்: மின்சாரம் போனதா, கருவி உறைந்துபோனால் மறுதொடக்கம் செய்யும் கண்காணிப்பு டைமர் தட்டியெழுப்பியதா, நாமே சொன்னோமா. ஈரப்பதம் எதற்கு என்று கேட்பார்கள். கிரேட் டக் தீவிலேயே, ஈரப்பதம் தாறுமாறாகக் காட்டிய கருவிகள் விரைவில் செத்துப்போவதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். பெட்டியின் ரப்பர் வளையம் விட்டுக்கொடுத்ததைச் சொல்லும் முதல் சாட்சி அதுதான்.

12. அளவீட்டின் நேரம் சில நிமிடம் தள்ளித் தெரிகிறது. பெரிய விஷயமா?

மலிவான குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகும், நாளுக்கு 1.7 வினாடி, ஆண்டுக்குப் பத்து நிமிடம். மண்ணின் ஈரத்துக்குப் பொருட்டில்லை. ஒரு நீரலை எந்தக் கம்பத்தை எப்போது தாண்டியது என்று கணக்கிடுபவருக்கு அது எல்லாவற்றையும் கெடுக்கும். செய்தி உடனுக்குடன் வருமானால் கேட்வே போடும் நேரமே போதும். கருவி சேமித்துவைத்துப் பிறகு அனுப்புவதாக இருந்தால் வாரத்துக்கு ஒரு முறை நேரத்தைச் சரிசெய்யுங்கள். எல்லா இடத்திலும் உலகப் பொது நேரத்தையே சேமியுங்கள். உள்ளூர் நேரம் திரையில் மட்டும்.

13. அமைப்புகளை இங்கிருந்தே மாற்றலாம் அல்லவா?

அளக்கும் இடைவெளி, எச்சரிக்கை எல்லை போன்றவற்றைத் தாராளமாக மாற்றலாம். அலைவரிசை, சர்வர் முகவரி, சிம்மின் இணைப்புப் பெயர், சாவிகள் இவற்றில் கை வைக்கும்போது நில்லுங்கள். நீங்கள் கட்டளை அனுப்பும் வழியையே அந்தக் கட்டளை மாற்றுகிறது. ஒரு எழுத்து பிசகினால், திருத்தும் கட்டளையை அனுப்ப வழியே இருக்காது.

இதற்குத் தீர்வு கருவிக்குள்தான் இருக்க வேண்டும். புதிய அமைப்பை ஏற்றுக்கொள், பழையதை அழிக்காதே, புதியதில் சர்வரோடு பேச முடிந்து அங்கிருந்து ‘சரி’ வந்தால் மட்டும் நிலைப்படுத்து, குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் பழையதற்குத் திரும்பு. இந்த ஏற்பாடு இல்லாத கருவியில் வழியை மாற்றும் கட்டளை அனுப்புவதாக இருந்தால் ஒரு ஆளைக் களத்தில் நிறுத்திவிட்டு அனுப்புங்கள். கருவி வாங்கும்போது விற்பவரிடம் நான் முதலில் கேட்பதும் இதைத்தான்; பாதிப் பேர் திருதிருவென்று விழிப்பார்கள்.

14. ஃபர்ம்வேரையே ரேடியோ வழியாக மாற்ற முடியுமா?

முடியும், பொறுமை வேண்டும். 100 கிலோபைட் ஃபர்ம்வேரை ஐரோப்பிய அலைவரிசையில் எஸ்எஃப் 12-ல் அனுப்பினால் ஒரு முறைக்கு 51 பைட்தான் போகும்; சுமார் 2000 துண்டுகள், துண்டுக்கு ஏறத்தாழ 2.8 வினாடி. 6-வது கேள்வியில் சொன்ன 1 சதவீத விதியையும் சேர்த்தால் ஆறு நாளைத் தாண்டும். எஸ்எஃப் 7-ல் ஒரு முறைக்கு 222 பைட் போவதால் சில மணி நேரத்தில் முடியும். தனித்தனியாக அனுப்பினால் விடிந்துவிடும் என்பதால், ஒரே நேரத்தில் எல்லாக் கருவிகளும் விழித்துக் கேட்கும் குழு ஒலிபரப்பு முறையை, லோராவான் தரத்தைப் பராமரிக்கும் லோரா அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு வகுத்திருக்கிறது. சில துண்டுகள் தொலைந்தாலும் மற்றவற்றிலிருந்து மீட்டெடுக்கக்கூடிய குறியீட்டோடு அனுப்புகிறார்கள்.

வேகத்தைவிட முக்கியமானது விழுந்தால் எழுவது. கருவியில் இரண்டு இடம் வேண்டும்: ஒன்றில் பழையது ஓடிக்கொண்டிருக்க, மற்றதில் புதியது வந்து சேர வேண்டும். புதியதன் மின்னணுக் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே அதற்கு மாற வேண்டும். மாறிய பின் சர்வரோடு பேச முடியாவிட்டால் தானே பழையதற்குத் திரும்ப வேண்டும். 13-வது கேள்வியில் சொன்ன அதே ஒழுங்குதான்.

பரப்பும்போது முதலில் மேசையில் இருக்கும் கருவிக்கு, பிறகு எளிதில் போய் எடுக்கக்கூடிய இரண்டு மூன்றுக்கு, பிறகு பத்துக்கு, கடைசியில்தான் மற்றவற்றுக்கு. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் கருவியின் ஒரு முழுச் சுழற்சியாவது காத்திருங்கள். வாரம் ஒரு முறை ஓடும் வேலையில் இருக்கும் பிழை செவ்வாய்க்கிழமை சோதனையில் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை வெடிக்கும்.

15. கேட்வே சிம்மில் ஓடுகிறது. வெளியிலிருந்து அதற்குள் நுழையவே முடியவில்லை.

செல்பேசி நிறுவனங்கள் பல சந்தாதாரர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. ஆகவே வெளியிலிருந்து கதவைத் தட்ட வழியில்லை; கேட்வேதான் வெளியே வர வேண்டும். அது தொடங்கும்போதே உங்கள் சர்வருக்கு வயர்கார்டு போன்ற ஒரு விபிஎன் இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டால், அதன் வழியே நீங்கள் உள்ளே போகலாம். பொது முகவரி வாங்கிக் கதவைத் திறந்துவைக்கும் யோசனையை மறந்துவிடுங்கள்.

கேட்வே தானே தன்னைக் கவனித்துக்கொள்ளவும் வேண்டும். சர்வரை எட்ட முடியாவிட்டால் சில நிமிடத்தில் மோடத்தை அணைத்துப் போடு, அப்படியும் எட்டாவிட்டால் ஒரு மணி நேரத்தில் முழுதாக மறுதொடக்கம் செய். மெமரி கார்டில் ஓடும் கேட்வேயில் ஓயாமல் பதிவேடு எழுதவிட்டால் கார்டு தேய்ந்து, ஒருநாள் எழாது. பதிவை நினைவகத்தில் வைத்து அவ்வப்போது மட்டும் எழுதச் சொல்லுங்கள். கேட்வே சர்வரோடு எம்க்யூடிடி என்ற செய்தி நெறிமுறையில் பேசினால் அதில் ‘இறுதி விருப்பம்’ என்ற வசதி உண்டு: இணைப்பு முறையின்றி அறுந்தால் இன்ன செய்தியை எல்லோருக்கும் சொல் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். 1999-ல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் இணைப்பில் கண்காணிப்பதற்காகப் பிறந்த நெறிமுறை அது. அறுந்துபோகும் இணைப்பை எதிர்பார்த்தே வடிவமைத்தார்கள். தூங்கி எழும் சென்சார்களுக்கு மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள், ஒவ்வொரு தூக்கமும் மரணமாக அறிவிக்கப்படும்.

16. மின்தடை நீங்கியதும் எல்லாக் கருவிகளும் ஒரேயடியாகத் தொங்கிவிட்டன. ஏன்?

எல்லாம் ஒரே வினாடியில் எழுந்து, ஒரே வினாடியில் ‘என்னைச் சேர்த்துக்கொள்’ என்று கூவுகின்றன. ஒன்றின் மேல் ஒன்று மோதி எதுவும் கேட்பதில்லை. பதில் வராததால் அனைத்தும் அதே இடைவெளி விட்டு மறுபடி கூவுகின்றன. எழுந்ததும் சில வினாடி முதல் சில நிமிடம் வரை தன்னிச்சையான நேரம் காத்திரு, ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருப்பை இரட்டிப்பாக்கு என்ற இரண்டு வரி நிரல் இதைத் தீர்க்கும். எல்லாக் கருவிகளும் மணி அடித்தாற்போல சரியாக 9:00, 9:15 என்று பேசும்படி அமைப்பதும் இதே தவறுதான்.

17. வெறும் வெப்பநிலைதானே, யார் திருடப்போகிறார்கள்? பாதுகாப்பெல்லாம் தேவையா?

திருடுபவருக்கு உங்கள் வெப்பநிலை வேண்டாம், உங்கள் கேட்வே வேண்டும். 2016-ல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாத கேமராக்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, பெரிய இணையதளங்களை முடக்கியது. அதனிடம் இருந்தது சுமார் அறுபது கடவுச்சொற்களின் பட்டியல் மட்டுமே.

லோராவானில் ஒவ்வொரு கருவிக்கும் 128 பிட் சாவி உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே சாவியைப் போட்டால், ஒரு கருவியைப் பிடுங்கிச் சென்றவன் கையில் அத்தனையும் போய்விடும். சான்றிதழ்களின் காலாவதித் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். 2021 செப்டம்பர் 30 அன்று மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படையாகப் பரவலாகப் பயன்பட்ட ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பல தங்கள் சர்வரையே நம்ப மறுத்தன.

18. பழுதுபார்த்துத் திரும்ப நட்ட கருவியைச் சர்வர் சேர்த்துக்கொள்ள மறுக்கிறது. சாவி சரியாகத்தான் இருக்கிறது.

சாவி சரி, எண்ணிக்கை தவறு. பழைய செய்தியைப் பதிவுசெய்து மறுபடி ஒலிபரப்பும் மோசடியைத் தடுக்க, ஏற்கெனவே பார்த்த எண்ணைச் சர்வர் ஏற்காது. லோராவான் 1.0.4 முதல், சேரக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எண் ஏறிக்கொண்டே போக வேண்டும். பழுதுபார்க்கும்போது நினைவகம் அழிந்து எண் பூஜ்யத்துக்குப் போயிருக்கும். சர்வரில் அந்தக் கருவிக்கு மட்டும் எண்ணிக்கையை அழித்துவிடுங்கள். எரிச்சலில் அந்தச் சரிபார்ப்பையே எல்லாக் கருவிகளுக்கும் நிறுத்திவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது 17-வது கேள்விக்கு நீங்களே எழுதும் தவறான பதில்.

19. எச்சரிக்கைச் செய்திகள் குவிகின்றன. யாரும் பார்ப்பதே இல்லை.

அப்படியானால் எச்சரிக்கையே இல்லை என்று பொருள். ஒரு செய்தி தவறினால் கத்தாதீர்கள். தொடர்ந்து மூன்று தவறட்டும். கேட்வே விழுந்தால் அதன் கீழிருக்கும் நூறு கருவிகளுக்கும் நூறு எச்சரிக்கை வேண்டாம், ஒன்று போதும். படித்தவர் எழுந்து ஏதாவது செய்ய வேண்டிய செய்தி மட்டும் கைபேசிக்குப் போகட்டும். மற்றவை காலையில் பார்க்கும் பட்டியலில் இருக்கட்டும்.

20. செல்பேசிச் சிக்னலே இல்லாத இடத்தில் என்ன செய்வது?

சென்சார்கள் கேட்வேயோடு லோராவில் பேசட்டும், கேட்வே மட்டும் செயற்கைக்கோளைப் பிடிக்கட்டும். இரிடியம் என்ற செயற்கைக்கோள் நிறுவனத்தின் குறுஞ்செய்திச் சேவையில் ஒரு முறைக்கு 340 பைட் வரை அனுப்பலாம், பைட்டுக்குக் காசு. எனவே கேட்வேயே சராசரி எடுத்து, மாறியதை மட்டும் அனுப்ப வேண்டும். முழு அளவீடும் கேட்வேயில் சேமிக்கப்பட்டு, ஆள் போகும்போது எடுத்துவரப்படும்.

21. இவ்வளவும் செய்துவிட்டால் களத்துக்குப் போகவே வேண்டாம் அல்லவா?

சோலார் பலகையைத் துடைக்கவும், எறும்புக் கூட்டைக் கலைக்கவும், அளவுமானியைத் தரப்படுத்தவும் இன்னும் ஒரு கட்டளை கண்டுபிடிக்கப்படவில்லை. போவதைக் குறைக்கலாம், போவதற்கு முன் எதற்காகப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளலாம்.

போகும்போது கருவியின் அடையாள எண்ணைப் படம் எடுத்து, இருப்பிடத்தைக் குறித்து, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதையும் எழுதிவாருங்கள். பதிவேட்டில் கிணற்றருகே என்று எழுதியிருக்கும் கருவி உண்மையில் சாலையோரம் நிற்பது இந்தத் துறையில் அன்றாடம் நடப்பது. இடம் மாற்றிய தொழிலாளி சொல்லியிருப்பார், எழுதத்தான் யாரும் இல்லை. மாற்றுப் பேட்டரி, மாற்று ஆன்டெனா, ரப்பர் வளையம், அதோடு ஏற்கெனவே சேர்த்து உள்ளமைத்த ஒரு முழுக் கருவி கையில் இருக்கட்டும். பழுதைக் களத்தில் நின்று ஆராயாதீர்கள். மாற்றி நட்டு, முதல் செய்தி சர்வருக்கு வந்துவிட்டதைக் கைபேசியில் பார்த்த பிறகு, பழையதை எடுத்துவந்து மேசையில் பிரியுங்கள்.